ரெகொபோத் எண்ட இடம்

சென்ற மாதம் புதிய மொழிபெயர்ப்பாளர்களுக்கான பயிற்சி வகுப்பொன்றில் ஒரு மணி நேரம் பேசச் சொல்லி அழைத்திருந்தார்கள். பேசி முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டார், "இத்தனை வருசத்தில உங்களுக்கு மிகக் கஷ்டமாயிருந்த சொல் எது அண்ணை?"

சட்டச் சொல் ஏதாவது சொல்வேன், அல்லது தமிழில் பெயரே இல்லாத ஏதாவது நோயைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். எனக்கு யோசிக்கவே நேரம் எடுக்கவில்லை. அந்தச் சொல் ஜெர்மனும் இல்லை, தமிழும் இல்லை, எபிரேயச் சொல். "அது பெரிய கதை பிள்ளை" என்று சொல்லி அன்று தப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு, அந்தக் கதையை முழுதாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். விசாரணை நடந்த அலுவலகம் எந்த மாநிலத்தில் இருந்தது என்பதையும் சொல்லப்போவதில்லை.

நான் கோண்டாவில்காரன், சைவன். சுவிசுக்கு வந்த புதிதில் பாடனில் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்தேன். அங்கே போர்வை மடித்த கைகளோடு மாலை வகுப்புக்குப் போய் ஜெர்மன் படித்தேன். முதலில் தெரிந்தவர்களுக்காக வைத்தியரிடமும் பள்ளிக்கூடத்திலும் மொழிபெயர்த்தேன். பிறகு ஒரு பரீட்சை எழுதினேன், ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தேன், அகதி விசாரணைகளுக்குக் கூப்பிடத் தொடங்கினார்கள். கேட்டதை வெளியே சொல்லக்கூடாது, கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. அந்தப் பத்திரத்தில் இருந்தது இவ்வளவுதான். இருபத்தாறு வருடம் அதிலேதான் என் பிழைப்பு ஓடியது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் என்னை அதிகம் அழைத்த விசாரணை அதிகாரியின் பெயர் அம்மான். சுவிசில் அது சாதாரணமான குடும்பப் பெயர். நம்மவர்களுக்கோ, தாய்மாமனுக்கும் இயக்கத்துப் பெரியவர்களுக்கும் வழங்குகிற அந்தப் பெயரை வாசல் பலகையில் கண்டதுமே ஒரு திடுக்கிடல். "அம்மான் எண்டா எழுதிக் கிடக்கு?" என்று பலர் என்னிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறார்கள். உள்ளே போனால் மாமன் முறை கொண்டாடும் ஆளில்லை அவர். நெடிய, மெலிந்த மனிதர். விசாரணை தொடங்கும் முன் மூன்று பென்சில்களைச் சீவி, முனைகள் ஒரே வரிசையில் வரும்படி வைப்பார். பத்து மணிக்கு ஓர் அப்பிளை நான்காக வெட்டிச் சாப்பிடுவார். நான் பார்க்க ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. பாணை வெட்டுவதுபோல் வசனத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தருவார். ஒரு துண்டு தந்து நிறுத்துவார், நான் மொழிபெயர்த்து முடித்த பிறகுதான் அடுத்தது. கேள்வி கேட்கும்போது என்னைப் பார்க்கமாட்டார், எதிரே இருப்பவரின் முகத்தையே பார்ப்பார். மற்ற அதிகாரிகள் பலர் என்னைப் பார்த்து "அவரிடம் கேளுங்கள்" என்பார்கள். அம்மான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

அவருக்குப் பின்னால் இலங்கை வரைபடத் தாள்கள் அலுமாரி நிறைய இருந்தன. ஒரு கண்ணாடி வில்லையை வைத்துப் பார்ப்பார். இலங்கைக்குப் போகாத அந்த மனிதர் மன்னாருக்கும் வவுனியாவுக்கும் இடையில் எந்தக் குளம் எங்கே இருக்கிறது என்று என்னைவிட நன்றாக அறிந்து வைத்திருந்தார். ஊர்ப்பெயரில் பிழைவிட்டால் ஆள் பொய் சொல்கிறார் என்பது அவருடைய கணக்கு. ஒவ்வொரு இடத்தின் பெயரும் பலகையிலும் வரைபடத்திலும் எழுதிக் கிடக்கிற ஊரில் பிறந்தவருக்கு அது நியாயமான கணக்காகவே இருந்திருக்கும்.

விசாரணை அறையில் ஐந்து பேர். அம்மான், மனுதாரர், நான். தட்டச்சு செய்ய ஃப்ரௌ கேர்பர் என்ற வயதான பெண்மணி. ஐந்தாவது ஆள் தொண்டு நிறுவனமொன்றின் பிரதிநிதி. விசாரணை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை, கடைசியில் ஓரிரு கேள்வி கேட்கலாம், வாதாட முடியாது. அந்த நாளில் பிரதிநிதியாக வந்திருந்தவர் ஃப்ரௌ லூத்தி, இறையியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த இளம் பெண்.

மனுதாரர் மன்னார்ப் பெருநிலப்பரப்பைச் சேர்ந்தவர். பிலோமினா என்று வைத்துக்கொள்வோம். முப்பது வயதிருக்கும். கணவர் அன்ரன் ஐந்து வருடத்துக்கு முன்பே வந்து, ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்துகொண்டு அனுமதிப் பத்திரத்தோடு இருந்தார். அன்றைக்கு அவரும் கூட வந்து வெளியே நடைகூட வாங்கில் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒரே பேருந்தில் வந்தும் முன்னும் பின்னுமாக நடந்து வந்ததை நான் கவனித்தேன். சண்டை போலிருக்கிறது என்று மட்டும் நினைத்தேன்.

காலை முழுதும் ஒழுங்காகப் போனது. ஊரை விட்டு எப்போது கிளம்பினார்கள், யார் யார் கூட வந்தார்கள், எங்கே தங்கினார்கள். மாமியாரோடும் வேறு பதினாலு குடும்பங்களோடும் ஒரு காட்டோரத்தில் பதினெட்டு மாதம் கொட்டில் போட்டு இருந்ததாகச் சொன்னார். அவர் கத்தோலிக்கர்தான், ஆனால் அந்தக் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போனது ஒரு சிறிய சபையின் போதகர். எங்கே போகிறோம் என்று அவருக்காவது தெரியும் என்று நம்பி இவர்களும் பின்னால் போனார்களாம்.

அப்பிள் சாப்பிட்டு முடித்த பிறகு அம்மான் பழைய கோப்பைத் திறந்தார். நாட்டுக்குள் வந்தவுடன் எல்லையருகே உள்ள வரவேற்பு நிலையத்தில் நடந்த முதல் விசாரணையின் பதிவு அது. நான்கு பக்கம் இருக்கும்.

"முதல் விசாரணையில், பதினெட்டு மாதம் றொபேட்டிடம் இருந்ததாகச் சொன்னீர்கள். இன்று றொபேட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. றொபேட் யார்?"

நான் மொழிபெயர்த்தேன். பிலோமினா என்னையே பார்த்தார்.

"ஆர் றொபேட்?"

"அதைத்தான் அவர் கேட்கிறார்."

"எனக்கு அப்பிடி ஒருத்தரையும் தெரியாது. என்ர சீவியத்தில றொபேட் எண்டு ஒரு ஆளையும் நான் காணேல்லை."

"இந்தப் பதிவு உங்களுக்குத் திருப்பி வாசித்துக் காட்டப்பட்டது. நீங்கள் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள்" என்றார் அம்மான்.

அப்போது பிலோமினாவின் முகம் மாறியது. பயமில்லை அது, ஏதோ ஒரு கணக்கு அவருக்குள் ஒத்துவந்ததுபோல் இருந்தது. மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"அந்தக் கடதாசியின்ர கொப்பி வீட்டுக்கு வந்தது. அவர்தான் பிரிச்சு வாசிச்சவர், அவருக்குத்தான் டொச் தெரியும். இதுக்குத்தானோ அவர் நாலு மாசமா என்னோட முகம் பார்த்துக் கதைக்கேல்லை?"

கேட்டது எதையும் குறைக்கக்கூடாது. அதையும் ஜெர்மனில் சொன்னேன். ஃப்ரௌ கேர்பர் அதையும் தட்டினார். தட்டும்போது வழக்கத்தைவிட மெதுவாகத் தட்டியதுபோல் எனக்குப் பட்டது.

அம்மான் விடவில்லை. "அப்படியானால் அந்தப் பதினெட்டு மாதமும் எங்கே இருந்தீர்கள்? இடத்தின் பெயரைச் சொல்லுங்கள்."

"அதுதான் அண்டைக்கும் சொன்னனே. ரெகொபோத் எண்ட இடத்தில."

அந்த நிமிடம் இன்றும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'ரெகொபோத் எண்ட இடத்தில.' வேகமாகச் சொன்னால், வாய்க்குள் நின்றால், அது 'றொபேட்டின்ர இடத்தில' என்று கேட்கும். யாருக்குக் கேட்கும்? எனக்குக் கேட்டது. அந்த எல்லையோர நிலையத்தில், அன்றைக்குப் பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ ஆளாக, ஒரு கன்னம் வீங்கிப்போய்ச் சால்வையால் தாடையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் வந்து உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது. பல்லுக்குள் சீழ். வாயைத் திறக்க முடியாமல் பேசினார். "றொபேட்டின்ர இடமோ?" என்று நான் திருப்பிக் கேட்டேன், அவர் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். கடைசியில் வாசித்துக் காட்டியபோதும் நான் 'றொபேட்டின்ர இடத்தில' என்று வாசித்தேன், அவருக்கு 'ரெகொபோத் எண்ட இடத்தில' என்று கேட்டது. ஒரே ஓசையை இரண்டு பேரும் இரண்டாக விளங்கிக்கொண்டு, இரண்டு பேரும் திருப்தியோடு கையெழுத்து வைத்திருக்கிறோம்.

வீக்கம் வற்றிய முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்கும் என்னை நினைவிருந்ததாகத் தெரியவில்லை. அந்த வலியில் யார் எதிரே இருந்தார் என்று எப்படித் தெரியும்!

மொழிபெயர்ப்பாளருக்கு வாய் திறக்க ஒரே ஒரு வழி உண்டு. 'மொழிபெயர்ப்பாளரின் குறிப்பு' என்று அறிவித்துவிட்டு, மொழி சம்பந்தமான ஒன்றை மட்டும் சொல்லலாம். அதுவரை அதை நான் இரண்டு தடவைதான் பாவித்திருந்தேன்.

"ஹெர் அம்மான், மொழிபெயர்ப்பாளரின் குறிப்பு. முதல் பதிவில் உள்ள றொபேட் என்பது ஆளின் பெயரல்ல என்று நினைக்கிறேன். அவர் இப்போது சொன்ன ரெகொபோத் என்ற இடப்பெயர் தவறாகக் கேட்கப்பட்டிருக்கலாம்."

"யாரால் தவறாகக் கேட்கப்பட்டது? அன்றைய மொழிபெயர்ப்பாளரை இப்போது கேட்க முடியாதே. ஊகத்தைப் பதிவில் போடமுடியாது."

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். பதிவின் அடியில் என் பெயர் இல்லை, ஒரு கிறுக்கல் கையெழுத்தும் ஓர் இலக்கமும் மட்டுந்தான் இருந்தன. அந்த இலக்கம் யாருடையது என்று தேட அவருக்கு நேரமும் இல்லை, காரணமும் இல்லை. வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள். சலவைக்கூடத்தை விட்டு வந்து மூன்று வருடம். இவ்வளவும் ஒரு மூச்சுக்குள் என் மனதில் ஓடியது. கதவுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கும் மனிதரும் கூடவே நினைவுக்கு வந்தார்.

"அன்றைய மொழிபெயர்ப்பாளர் நான்தான்" என்றேன்.

தட்டச்சு நின்றது. அம்மான் பென்சிலைக் கீழே வைத்தார். முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். நீலக் கண்கள் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"இதைத் தெரிந்துகொண்டா இன்று இங்கே உட்கார்ந்தீர்கள்?"

"இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டபோதுதான் தெரிந்தது."

"ஃப்ரௌ கேர்பர், எல்லாவற்றையும் எழுதுங்கள். அவர் சொன்னதையும், நான் கேட்டதையும்." பிறகு ஃப்ரௌ லூத்தியின் பக்கம் திரும்பினார். "தன் பிழையைத் தானே தீர்க்கிற இடத்தில் ஒருவர் இருக்கக்கூடாது. விசாரணையை நிறுத்தி, வேறு மொழிபெயர்ப்பாளரோடு இன்னொரு நாள் வைக்கலாம். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?"

ஃப்ரௌ லூத்தி, "அதை மனுதாரரிடம் கேட்கவேண்டும்" என்றார்.

எனவே அந்தக் கேள்வியை நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. உங்கள் சொல்லைப் பிழையாகக் கேட்டு எழுதுவித்தவன் நான்தான். நான் தொடர்ந்து இருக்கலாமா, அல்லது வேறு ஆள் வேண்டுமா? பிலோமினாவுக்குக் கோபம் வரும், அழுவார் என்று எதிர்பார்த்தேன்.

"வேற ஆள் வந்தா அவருக்கும் முதலில இருந்து அந்தச் சொல்லைப் பழக்கவேணும்" என்றார். "இவருக்கு இப்ப அது தெரியும். இவரே இருக்கட்டும்."

அம்மான் தலையசைத்தார். ஆனால் அவர் இலேசில் விடுகிற ஆளில்லை. "ஒரு சொல் இன்னொரு சொல்லைப்போல ஒலிக்கிறது என்பதால் ஓர் இடம் உண்டாகிவிடாது" என்று சொல்லிக்கொண்டே தாள்களை விரித்தார். வில்லையோடு கால்மணி நேரம் தேடினார். ரெகொபோத் இல்லை. ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, "உங்கள் எழுத்தில் எழுதுங்கள்" என்றார். பிலோமினா தமிழில் எழுதினார். அதை அம்மான் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது தமிழ்ச் சொல்லா?" இது எனக்கான கேள்வி. எனக்குத் தெரியவில்லை. அப்படியொரு சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை என்று சொன்னேன். பிலோமினா பதில் சொன்னார்.

"வேதத்தில வாற பேர். இடம் கிடைச்சிட்டுது எண்டு அர்த்தம். நாங்கள் போய் இருக்கேக்க அந்த இடத்துக்குப் பேரே இல்லை. நாங்கள்தான் வச்சனாங்கள்."

ஃப்ரௌ லூத்தி இருப்புக் கொள்ளாமல் இருந்ததை நான் கடைக்கண்ணால் கண்டேன். கேட்கலாம் என்று அம்மான் கை காட்டினார். ஃப்ரௌ லூத்தி கேட்டது ஒரே ஒரு கேள்வி. "மூன்றாவது கிணறுதானே ரெகொபோத்? முதல் இரண்டு கிணறுகளுக்கும் என்ன பெயர்?"

பிலோமினா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். இங்கே யாராவது இதைக் கேட்பார்கள் என்று அவர் நினைத்திருக்கவே மாட்டார். "ஏசேக்கு, சித்னா. சண்டை, பகை."

ஃப்ரௌ லூத்தி அம்மானுக்கு விளக்கினார். ஈசாக்கின் வேலைக்காரர் கிணறு வெட்டுகிறார்கள். அந்த ஊர் மேய்ப்பர்கள் வந்து தண்ணீர் எங்களுடையது என்று சண்டை பிடிக்கிறார்கள். விட்டுவிட்டுப் போய் இன்னொன்று வெட்டுகிறார்கள், அதற்கும் தகராறு. அதையும் விட்டுத் தள்ளிப்போய் மூன்றாவது வெட்டுகிறார்கள், அதற்கு யாரும் வரவில்லை. அதற்கு ரெகொபோத் என்று பெயர் வைக்கிறார்கள், விசாலமான இடம் என்று பொருள். நான் அதைக் கேட்டுக்கொண்டே பிலோமினாவுக்குத் தமிழில் சொன்னேன். எனக்குப் புதிய கதை, அவருக்குப் பழைய கதை.

அம்மான் ஒரு பென்சிலை எடுத்து மறுபடி வரிசையில் வைத்தார். "இதனால் அவர் வேதாகமம் வாசித்திருக்கிறார் என்று தெரிகிறது. அங்கே வாழ்ந்தார் என்று தெரியவில்லை."

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் உண்மை, அவர் சொன்னது சரி. அந்தப் பெயரை யாரும் புத்தகத்தில் இருந்து எடுக்கலாம். அவர் அதன் பிறகு கேட்ட கேள்விகளைத்தான் நான் என் தொழிலில் கேட்ட மிகச் சிறந்த கேள்விகளாக நினைக்கிறேன். வேதத்தில் இல்லாதவற்றை மட்டும் கேட்டார்.

முதல் கிணற்றில் சண்டைக்கு வந்தது யார்? "மாட்டுப்பட்டிக்காரர். அவையளின்ர மாடு குடிக்கிற குளத்துக்குக் கிட்ட வெட்டிப்போட்டம். அவையள் சொன்னதிலும் பிழையில்லை."

இரண்டாவதில்? அவர் தயங்கினார். "அது எங்களுக்குள்ளதான். முதலில வந்த சனம், பிந்தி வந்த சனம். ஆர் முதல் அள்ளுறது எண்டு. வாளியால அடிச்சுப் போட்டினம். அதைச் சொல்ல வெக்கமாக் கிடக்கு."

மூன்றாவது எவ்வளவு ஆழம்? "ரெண்டாள் உயரம். அதுக்கு மேல ஒரு கை." என்ன மண்? "மேலால செம்மண், கீழ வெள்ளைக் களி. சீமெந்து கிடையாது, பாலை மரத்துக் கொப்பை வெட்டித்தான் அணைச்சது. மழைக்கு ஒருக்கா ஒரு பக்கம் இடிஞ்சு விழுந்தது."

"தண்ணீர் எப்படி?"

பிலோமினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. "பேர்தான் பெரிய பேர். தண்ணி கயர்த் தண்ணி. சவுக்காரம் நுரைக்காது. பருப்புப் போட்டா மத்தியானம் மட்டும் கொதிச்சாலும் அவியாது. மாமி ஒவ்வொரு நாளும் அந்தப் போதகரைப் பேசுவா."

நான் மொழிபெயர்த்து முடித்ததும் அம்மான் அதை எழுதச் சொல்லவில்லை, தானே தன் தாளில் எழுதினார். பிறகு யாருக்கும் என்றில்லாமல் மெதுவாகச் சொன்னார். "புத்தகத்தில் இருந்து எடுத்த ஆள் தண்ணீரை இனிக்க வைத்திருப்பார். பருப்பு அவியவில்லை என்று சொல்லமாட்டார்."

அதைப் பிலோமினாவுக்கு மொழிபெயர்க்க வேண்டுமா என்று கேட்டேன். "நீங்கள் இந்த அறையில் கேட்டதெல்லாம் மொழிபெயர்க்கப்படவேண்டும், இல்லையா?" என்றார்.

திருப்பி வாசிக்க இரண்டு மணி நேரம் எடுத்தது. ஒவ்வொரு இடப்பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். ஒவ்வொரு பக்கத்திலும் எல்லோரும் கையெழுத்து வைத்தோம். கடைசியில் அம்மான் ஒரு தனிப் பக்கம் தட்டுவித்தார். முதல் பதிவில் 'றொபேட்டிடம்' என்று இருப்பது மொழிபெயர்ப்புப் பிழை, 'ரெகொபோத் என்ற இடத்தில்' என்று திருத்தி வாசிக்கவேண்டும், அது எபிரேய இடப்பெயர், பொருள் விசாலமான இடம். அதன் கீழ் என் கையெழுத்து, இந்தத் தடவை முழுப் பெயரோடு. அதன் பிரதியைப் பிலோமினாவின் கையில் கொடுத்து, "இது உங்களுடையது. யாருக்குக் காட்டுவது என்பது உங்கள் விருப்பம்" என்றார்.

நான் கோட்டை மாட்டிக்கொண்டு நடைகூடத்துக்கு வந்தபோது அன்ரன் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். பிலோமினா இரண்டு அடி தள்ளி, கைப்பையைப் பிடித்தபடி நின்றார். அன்ரனின் விரல் வரி வரியாகப் போனது. சமையலறை ஜெர்மனுக்கு அந்தக் கடதாசி ஜெர்மன் எட்டவில்லை என்று தெரிந்தது. என்னைக் கண்டதும் ஓடிவந்தார்.

"அண்ணை, நீங்கள்தானே உள்ளுக்கு இருந்தனீங்கள்? இதில என்ன எழுதிக் கிடக்கு? இந்த றொபேட் ஆராம்?"

சொல்லுவதற்கு இரண்டு வசனம் போதும். ஆனால் உள்ளே கேட்டதை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வைத்தவன் நான். அன்றைக்கு ஏற்கெனவே ஒரு பிழையை ஒப்புக்கொண்டிருந்தேன், இன்னொன்றைச் செய்யத் துணிவில்லை.

"தம்பி, நான் சொல்லக்கூடாது. உங்கட மனிசியைக் கேளுங்கோ."

"நீங்கள் சொன்னா என்ன குறைஞ்சுபோகும்?" அவர் குரல் உடைந்தது.

"அவவைக் கேளுங்கோ" என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். மனிதத்தன்மை இல்லாத காரியம் என்று எனக்கே பட்டது. பேருந்து நிறுத்தம்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. மூன்று மாதம் ஒரு அழைப்பும் இல்லை. நான் மறுபடி சலவைக்கூடத்தில் நாள்கூலிக்குப் போனேன். மனைவி, "உண்மையைச் சொன்னதுக்கும் தண்டனையோ?" என்றாள். "பிழையாகக் கேட்டதுக்கு" என்றேன். அந்த மூன்று மாதத்தில்தான் அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. தேவாரத்தை விட்டால் வேறொன்றும் தெரியாத நான், நூலகத்துக்குப் போய் ஈசாக்கின் கதையைத் தமிழிலும் ஜெர்மனிலும் பக்கத்தில் வைத்து வாசித்தேன். தமிழில் கிணற்றுக்குத் 'துரவு' என்று போட்டிருந்தது. எங்கள் தோட்டங்களில் புழங்குகிற சொல்! கோண்டாவில் தோட்டத்துத் துரவு ஈசாக்குக்கு எப்படிக் கிடைத்தது என்று தனியே இருந்து சிரித்தேன்.

ஒருநாள் நூலக வாசலில் ஃப்ரௌ லூத்தியைக் கண்டேன். வழக்கைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. சொல்லைப் பற்றிப் பேசினால் குற்றமில்லையே. கோப்பிக் கடையில் ஒரு காகிதக் கைத்துடைப்பில் அந்த எபிரேய எழுத்துகளை வலமிருந்து இடமாக எழுதிக் காட்டினார். அகலம் என்பதற்கான வேரில் இருந்து வந்தது ரெகொபோத். இன்றைய எபிரேயத்தில் தெருவுக்கு வழங்கும் பெயரும் அதே வேரில் இருந்துதான் வருகிறதாம். சித்னாவும் சாத்தானும் ஒரே வேர் என்றார், எதிர்த்து நிற்பது என்று பொருள்.

"எபிரேயத்தில் ஒடுக்கமான இடத்துக்கும் துன்பத்துக்கும் ஒரே சொல். அதனால்தான் துன்பத்திலிருந்து மீட்பு என்பதை அகலமான இடத்துக்குக் கொண்டுவருவது என்று பாடுகிறார்கள்" என்றார். "ஜெர்மனிலும் பயத்துக்கான சொல் ஒடுக்கத்தில் இருந்து வந்ததுதான்."

"தமிழிலும்தான்" என்றேன். நெருக்கடி என்ற சொல்லை அவருக்கு விளங்கப்படுத்தினேன். நெருங்கி இடமில்லாமல் போவதுதான் நெருக்கடி. அதை அவர் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். எத்தனையோ தடவை நெருக்கடி, நெருக்கடி என்று மொழிபெயர்த்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்குள் ஒரு சின்ன அறை இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

நான்காவது மாதம் அம்மானே தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரிக்கவில்லை. "திங்கள் எட்டரைக்கு வரமுடியுமா?" என்றார். போனேன். மேசையில் ஒரு புதிய ஒழுங்கு. ஒவ்வொரு விசாரணையிலும் மனுதாரர் தன் ஊர்ப்பெயர்களையும் ஆட்களின் பெயர்களையும் தன் கையால், தன் எழுத்தில் எழுதுவதற்கு ஒரு தாள். ஃப்ரௌ கேர்பர் அதைக் கோப்பில் கோத்துக்கொள்வார். அந்தத் தாளுக்குக் காரணம் என்ன என்று அம்மான் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் ஓய்வு பெறும்வரை அந்த ஒழுங்கு இருந்தது.

வழக்கின் முடிவை எங்களுக்கு யாரும் அறிவிப்பதில்லை. கேட்பதும் முறையில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாடன் புகையிரத நிலையத்தில் யாரோ "அண்ணை" என்று கூப்பிட்டார்கள். அன்ரன். பக்கத்தில் பிலோமினா, தள்ளுவண்டியில் ஒரு கைக்குழந்தை.

"அவவுக்கும் விசா கிடைச்சிட்டுது அண்ணை. போன மார்கழியில."

சந்தோசம் என்றேன். அன்ரன் தள்ளுவண்டியை நிறுத்தி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்கு உங்களில எனக்குச் சரியான கோவம். ஏன் சொல்லாமப் போறார் எண்டு."

"தெரியும் தம்பி."

"நீங்கள் சொல்லியிருந்தா உங்களை நம்பியிருப்பன். இல்லாட்டிக் கடதாசியை நம்பியிருப்பன். இவவை நம்பியிருக்கமாட்டன்." அவர் குழந்தையின் சப்பாத்தைச் சரிசெய்யக் குனிந்தார்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. விசாரணை அறையில் கேட்க எனக்கு உரிமை இல்லை, அம்மானுக்கோ அதைக் கேட்கத் தோன்றவில்லை. வழக்கு முடிந்துவிட்டது. இனிக் கேட்கலாம்.

"பிள்ளை, அந்தக் கிணத்துக்கு அந்தப் பேரை வச்சது ஆர்? போதகரோ?"

"அவரில்லை" என்றார் பிலோமினா. "அவர் பெத்தேல் எண்டு வைப்பம் எண்டவர். கடவுளின்ர வீடு எண்டு அர்த்தமாம். பெண்டுகள் நாங்கள் விடேல்லை. எங்களுக்கே வீடில்லை, அதுக்குள்ள கடவுளுக்கு என்ன வீடு எண்டு மாமிதான் முதலில கேட்டவ. போதகர் வேதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கடைசியா அந்தக் கிணத்துக் கதையை வாசிச்சார். அதைக் கேட்டிட்டு, இதை வையுங்கோ எண்டு சொன்னனாங்கள்."

"ஏன் அதை?"

"முதல் இருக்க ஒரு இடம் வேணும் அண்ணை. வீடு பிறகு கட்டலாம்."

அவர்களுடைய புகையிரதம் வந்தது. தள்ளுவண்டியின் முன்பக்கத்தை நான் பிடித்துத் தூக்கினேன், பின்பக்கத்தை அன்ரன் பிடித்தார். பிலோமினா முன்னே ஏறி, உள்ளே இடம் இருக்கிறதா என்று பார்த்தார்.